நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்? வகுப்பறை இணையக் கருவிகள்: ஒரு மதிப்பீடு

தமிழ் வழி ஒன்பதாம் வகுப்பு, 40 பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஏழரைக்குத்தான் திரும்பும். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதே போன்தான். அன்றைய நெட் பேக்கில் மிச்சம் எவ்வளவு என்று வைத்திருப்பவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட வகுப்பை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள கருவிகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். ஆளுக்கொரு டேப்லெட் கொடுக்கும் பள்ளிகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் மூன்றைப் பார்க்க வேண்டும். லாகின் கேட்கிறதா? எவ்வளவு நெட் தின்னும்? பிள்ளையின் கையில் போன் இருந்தே ஆக வேண்டுமா? ஒவ்வொரு "ஆம்"-க்கும் நாலைந்து பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். வண்ணம், இசை, பேட்ஜ் எல்லாம் அதற்கப்புறம்.

வாட்ஸ்ஆப் குரூப்: 10-க்கு 6

புதிதாக எதையும் இறக்க வேண்டாம், கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருப்பது இது ஒன்றுதான், ஆறு மதிப்பெண்ணும் அதற்கே. ஆனால் வாட்ஸ்ஆப் அறிவிப்புப் பலகை. அதைக் கரும்பலகையாக்கப் பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

குரூப் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே, யாரையும் சேர்ப்பதற்கு முன், குரூப் பர்மிஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். செய்தி அனுப்புவதை அட்மின்களுக்கு மட்டும் என்று வையுங்கள். உறுப்பினர் மற்றவரைச் சேர்ப்பதை அணையுங்கள். புதியவரை அட்மின் ஏற்ற பின்பே உள்ளே விடும் வசதியைப் போடுங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் 40 வீட்டைச் சேர்த்தால் மறுநாள் காலை குட் மார்னிங் ரோஜாவும், பகலில் யாரோ ஒருவருடைய கட்சியின் கூட்ட அழைப்பும், மாலையில் "மிஸ் நாளைக்கு லீவா" என்ற கேள்வி பதினெட்டு முறையும் வரும். அவற்றுக்கு நடுவே ஹோம்வொர்க் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் பலர் யோசிக்காதது. சாதாரண குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் எண்ணைக் கொடுத்த வீடுகள் நிறைய. அந்த எண் இப்போது 39 வீட்டுப் போன்களில் இருக்கிறது, அந்தப் போன்களை யார் யார் எடுப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. இதற்கு வாட்ஸ்ஆப்பிலேயே வழி உண்டு. 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதியில் அறிவிப்புக் குரூப் தானாக உருவாகும். அதில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்க்க முடியாது, அட்மின் மட்டும் பார்க்கலாம். வகுப்புக்கென்று ஒரு கம்யூனிட்டி தொடங்கி, உள்ளே வேறு குரூப் எதுவும் போடாமல், அந்த அறிவிப்புக் குரூப்பை மட்டும் பயன்படுத்தினாலே போதும். பிராட்காஸ்ட் லிஸ்ட் இன்னொரு வழி. 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பாதிப் பெற்றோர் சேமித்திருக்க மாட்டார்கள், போய்ச் சேரவில்லை என்று நமக்கும் தெரியாது.

ஆசிரியர் தன் சொந்த எண்ணில் இதை நடத்துவது சரியில்லை. இரண்டாவது சிம்மில் வாட்ஸ்ஆப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். பணி நேரம் முடிந்த பிறகு வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி அதில் அமைக்கலாம். "காலை 9 மணிக்குப் பார்க்கிறேன்" என்று ஒரு வரி போதும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிற லேபிள் கொடுத்து வைத்தால் 9-அ எது, 9-ஆ எது என்று திண்டாட வேண்டியதில்லை.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதில்தான் பெரும்பாலோர் சலித்துப்போகிறார்கள். 40 பேர், ஆளுக்கு இரண்டு பக்கம் என்றால் ஒரு மாலைக்கு 80 படம். குரூப் தகவலுக்குள் மீடியா விசிபிலிட்டியை அணைக்காவிட்டால் ஒரே மாதத்தில் கேலரி முழுக்க முக்கோணவியல்தான் நிற்கும். தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். படம் மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் கேமராவைக் குறைசொல்ல முடியாது. வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கி அனுப்புவதுதான் காரணம். அனுப்பும் திரையில் உள்ள எச்டி பொத்தானைத் தட்டச் சொல்லுங்கள், அல்லது டாக்குமெண்ட்டாக இணைக்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் போனின் நிழல் பக்கத்தின் நடுவில் விழும். வாசற்படியில் பகல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் பென்சில் எழுத்துகூடத் தெரியும்.

குரல் பதிவைத்தான் நம் பள்ளிகள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. தமிழ் வாசிப்புக்கு இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. ஒரு நிமிடப் பதிவு சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாக்கில் உருட்டும் பிள்ளையை வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். தனிச் செய்தியாகக் குரல் அனுப்பும்போது கேட்பது ஆசிரியர் மட்டுமே. கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்: 40 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், கேட்கவே 40 நிமிடம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்குப் பத்துப் பேர் என்று முறை வைத்தால் தாங்கும்.

வாட்ஸ்ஆப் வாக்கெடுப்பைத் தேர்வாக நினைக்க வேண்டாம். யார் எந்த விடையைத் தொட்டார் என்பது எல்லாருக்கும் பெயரோடு தெரியும். முதல் மாணவி எதைத் தொடுகிறாளோ அதிலேயே அடுத்த முப்பது பேரும் தொடுவார்கள். சுற்றுலா எந்தத் தேதியில் என்று கேட்க நல்ல வசதி.

கூகுள் ஃபார்ம்ஸ்: 10-க்கு 8

இணையத்தில் கேள்வித்தாள் செய்து இணைப்பாக அனுப்பும் படிவம் இது. லாகின் வேண்டாம், செயலி வேண்டாம், பழைய போனின் பிரவுசரிலும் திறக்கும், பத்துக் கேள்விக்கு நெட் செலவு மிகக் குறைவு. எங்கள் கணக்கில் வீட்டுப் பயிற்சிக்கு இதுதான் முதலிடம். இரண்டு மதிப்பெண் குறைந்தது தமிழ் எழுத்தாலும் ஆசிரியருக்குக் கூடும் வேலையாலும்.

போனிலேயே கேள்வித்தாள் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. ஃபார்ம்ஸுக்குக் கூகுளின் தனிப் போன் செயலி கிடையாது. பிளே ஸ்டோரில் அந்தப் பெயரோடு காண்பவை மற்றவர்கள் செய்தவை, விளம்பரத்தோடு வரும். பிரவுசரில் திறந்து டெஸ்க்டாப் சைட் போட்டு வேலை செய்யலாம், ஆனால் விரல் வலிக்கும். ஹைடெக் லேபில் (பள்ளியின் கணினி ஆய்வகம்) ஒரு கணினி காலியாக இருந்தால் அங்கே போய்விடுங்கள்.

செட்டிங்ஸில் குவிஸ் ஆக்குவதை இயக்கியதும் மூன்று முடிவு எடுக்க வேண்டியிருக்கும். மதிப்பெண் உடனேயா, பிறகா? பிறகு என்றால் மின்னஞ்சல் கேட்கும், மின்னஞ்சல் இல்லாத பிள்ளை வெளியே. ஆகவே உடனே என்று வையுங்கள். ஒருவருக்கு ஒரே முறை என்ற வசதியைத் தொடாதீர்கள், அது கூகுள் லாகின் கேட்கும். கோப்பு பதிவேற்றும் கேள்வியும் அப்படியே, போதாததற்கு உங்கள் டிரைவின் 15 ஜிபியையும் அது தின்னும். மூன்றாவதாக, தவறிய கேள்வியையும் சரியான விடையையும் காட்டும் இரண்டு பொத்தான்களையும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் 7.40-க்கு முடித்த பிள்ளை எடுத்த ஸ்கிரீன்ஷாட் 7.45-க்கு வகுப்பைச் சுற்றிவிடும். எல்லாரும் முடித்த பிறகு அவற்றை மீண்டும் இயக்கலாம்.

லாகின் இல்லையென்றால் யார் எழுதியது என்று எப்படித் தெரியும்? பெயரை எழுதச் சொன்னால் ஒரே பிள்ளை "கார்த்திகா", "கார்திகா", "கார்த்திகா.மு" என்று மூன்றாக வரும். வரிசை எண்ணைக் கேளுங்கள். சுருக்க விடைக் கேள்வி வைத்து, விடைச் சரிபார்ப்பில் எண், 1-க்கும் 40-க்கும் இடையில் என்று கொடுத்து, பிழைச் செய்தியைத் தமிழிலேயே எழுதுங்கள். ஒருவர் எண்ணை இன்னொருவர் போட்டு விளையாடுவதும் நடக்கும். ஆளுக்கொரு மூன்று இலக்க எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அதை இரண்டாம் கேள்வியாகக் கேட்டால் அடங்கிவிடும். இருமுறை அனுப்பியவர்களை, விடைகள் வந்து சேரும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் வடிகட்டலாம். அட்டவணை முழுவதையும் தேர்ந்து, டேட்டா கிளீன்அப்பில் நகல் நீக்கும்போது வரிசை எண் நெடுவரிசைக்கு மட்டும் டிக் போட்டால் முதலில் வந்த வரி நிற்கும், பின்னால் வந்தது போகும்.

இனி தமிழ். சுருக்க விடையைத் தானாகத் திருத்தும் வசதி ஆங்கிலத்துக்கே அரைகுறை, தமிழில் அதை நம்பவே கூடாது. "ஆத்திசூடியைப் பாடியவர் யார்?" என்று ஒரு கேள்வி வைத்துப் பாருங்கள். ஒருத்தி ஔவையார் என்று எழுதுவாள், ஔ என்ற ஒரே எழுத்தைத் தட்டி. இன்னொருவன் ஒளவையார் என்று எழுதுவான், ஒ தட்டி அடுத்து ள தட்டி. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நீங்கள் உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள், இரண்டாவதற்குச் சுழியம் போடும். மூன்றாமவள் அவ்வையார் என்பாள், அதுவும் சரிதான். நான்காமவன் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பான். கௌதமர், கெளதமர் கதையும் இதுவே. சரியான விடைப் பட்டியலில் எத்தனை வடிவம் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் இவற்றையெல்லாம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இல்லை, தேர்வு விடையாக (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தொடுவது) மாற்றிவிடுங்கள். இரண்டாவதுதான் நிம்மதி.

தேர்வு விடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை அப்படியே எடுத்துப் போட்டு, விடைகளைக் கலைக்கும் பொத்தானையும் இயக்கிவிடுகிறார்கள். நம் புத்தகங்களில் "மேற்கண்ட அனைத்தும்", "அ மற்றும் இ" வகை விடைகள் ஏராளம். கலைத்த பிறகு "மேற்கண்ட அனைத்தும்" முதல் வரியில் வந்து உட்காரும், அதற்கு மேலே எதுவுமே இருக்காது. "அ மற்றும் இ" எதைக் குறிக்கிறது என்பதும் போய்விடும். கலைக்க வேண்டுமானால் அத்தகைய கேள்விகளை முதலில் மாற்றி எழுதுங்கள்.

பழைய வினாத்தாளிலிருந்து எடுத்து ஒட்டினால் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறதா? அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுத்தாள் மட்டுமே இருந்தால் கூகுள் லென்ஸில் படமெடுத்து எழுத்தாக நகலெடுக்கலாம். ரகரத்தையும் துணைக்காலையும் அது குழப்பும், ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். கணக்கு ஆசிரியர்களுக்கு இன்னொரு குறை: ஃபார்ம்ஸில் சமன்பாடு எழுத வசதியில்லை. பின்னமும் வர்க்கமூலமும் வேண்டுமானால் வேறிடத்தில் எழுதிப் படமாக்கித்தான் ஒட்ட வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கும் கூலி ரெஸ்பான்ஸஸ் பக்கத்தில் கிடைக்கிறது. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று படமாக வரும். மொத்த மதிப்பெண்ணை விட அந்தப் படம் முக்கியம், ஆனால் அது பேசுவதற்குக் கேள்வியை நாம் சரியாகச் செய்திருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. "பூமியில் 6 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கல்லை நிலவுக்குக் கொண்டுபோனால் அங்கே அதன் நிறை என்ன?" விடைகள்: 6 கிலோகிராம், 1 கிலோகிராம், 36 கிலோகிராம், 0. சரியான விடை 6. 1-ஐத் தொட்டவர் நிறையையும் எடையையும் ஒன்றாக நினைக்கிறார், நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. 36-ஐத் தொட்டவர் அந்த விகிதத்தையே தலைகீழாகப் பிடித்திருக்கிறார். 0 என்றவர் நிலவில் ஈர்ப்பே இல்லை என்று நம்புகிறார். மூன்றும் மூன்று வேறு நோய்கள், மருந்தும் வேறு. பாதி வகுப்பு 1-இல் நிற்பதை இரவு ஒன்பதுக்குப் பார்த்துவிட்டால், மறுநாள் முதல் பாடவேளையில் எதை எடுக்க வேண்டும் என்பது முடிவாகிவிடும். நான்காவது விடையை ஒப்புக்கு நிரப்பும் பழக்கம் இருந்தால் இந்தப் பயன் கிடைக்காது.

பிழைக்கேற்ற விளக்கத்தை உடனே காட்டவும் வழி உண்டு. கேள்விக்குத் தரும் பின்னூட்டம் சரி, தவறு என்று இரண்டே வகை. 1-க்கு ஒரு விளக்கம், 0-க்கு வேறு விளக்கம் என்றால் பகுதிகளாகப் பிரித்து, விடையைப் பொறுத்து எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று அமைக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கமும் தனிப் பகுதி, அதன் முடிவில் அடுத்த கேள்விக்கு வழி. ஐந்து கேள்விக்கே இருபது பகுதியை நெருங்கும், தாளில் வரைபடம் போடாமல் தொடங்காதீர்கள். பிள்ளைகள் பின்னோக்கிப் போய் விடையை மாற்ற முடியும் என்பதால் இது பயிற்சிக்கு ஆகும், மதிப்பெண்ணுக்கு ஆகாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. தொகுக்கும் பக்கத்தின் முகவரியை நகலெடுத்துக் குரூப்பில் போடுவது முதலாவது. பிள்ளைகளுக்கு அனுமதி வேண்டும் என்று வரும், இல்லையென்றால் கேள்வியையே அவர்கள் திருத்தலாம். எப்போதும் விடையளிப்பவர்களுக்கான இணைப்பையே எடுங்கள், பிறகு லாகின் இல்லாத ஒரு போனில் திறந்து பாருங்கள். பள்ளியின் நிறுவனக் கணக்கில் செய்த படிவம் அந்த நிறுவனத்தாருக்கு மட்டும் திறப்பதும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இரண்டாவது, 30 கேள்வி வைப்பது. லாகின் இல்லாமல் எழுதும்போது பாதியில் சேமிக்காது. இருபத்தைந்தாம் கேள்வியில் மாமா போன் செய்து, பேசி முடித்துத் திரும்பும்போது பக்கம் மறுபடி ஏறினால் எல்லாம் காலி. பத்துக்கு மேல் வேண்டாம்.

பிளிக்கர்ஸ்: 10-க்கு 9

பெயர் பலருக்குப் புதிது. பிள்ளைகளிடம் போனே வேண்டாம் என்பதுதான் இதன் சிறப்பு. ஆளுக்கொரு அட்டை. நடுவில் கோலத்தின் ஒரு மூலையை வெட்டி எடுத்தது போலக் கறுப்புக் கட்டம், ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வடிவம். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்தில் இருக்கும். விடை பி என்றால் பி மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை இடமிருந்து வலமாக ஒருமுறை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எந்த விடை என்று திரையில் வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் எழுத்து சிறியது, கட்டத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது. எனவே காப்பியடிப்பதும் கடினம், கூச்சமுள்ள பிள்ளையும் பதில் சொல்லிவிடும்.

இணையதளத்தில் கணக்கு தொடங்கி வகுப்பை உருவாக்கி, பெயர்களை வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே ஒட்டுங்கள். அட்டை எண் அந்த வரிசையில் தானாக விழும், வரிசை எண்ணே அட்டை எண்ணாகிவிடும். அட்டைகளைத் தளத்திலிருந்தே இலவசமாக எடுக்கலாம். பொதுவான தொகுப்பில் 40 அட்டை, தாளுக்கு இரண்டாக 20 தாள். அதைவிடப் பெரிய வகுப்புக்கு 63 அட்டைத் தொகுப்பு இருக்கிறது. கறுப்பு மங்கினால் கேமரா படிக்காது, டோனர் தீரும் நிலையில் இருக்கும் இயந்திரத்தில் எடுக்காதீர்கள்.

அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று உடனே லேமினேட் செய்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பளபளப்பில் வெளிச்சம் பட்டுத் தெறித்து, ஜன்னலோரம் இருக்கும் ஏழெட்டுப் பேரின் அட்டை படிக்கவே படிக்காது. தடித்த சார்ட் அட்டையில் ஒட்டினால் போதும், லேமினேட் செய்தே ஆக வேண்டுமென்றால் பளபளப்பில்லாத தாளில். விரல் கறுப்புக் கட்டத்தின் மேல் படக்கூடாது, வெள்ளை ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அட்டை இருண்டு தெரியும், நீங்கள் இடம் மாறி நில்லுங்கள். நம் வினாத்தாளில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்றிருக்கும், அட்டையிலோ ஆங்கில எழுத்து. முதல் நாள் பாதி வகுப்பு இதில்தான் தடுமாறும். கரும்பலகையில் விடைகளை ஏ, பி, சி, டி என்றே எழுதிவிடுங்கள்.

புரொஜெக்டர் இருந்தால் விடைப் பட்டை திரையில் வரும், இல்லாவிட்டாலும் ஓடும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதினால் போதும், இணையம் ஆசிரியர் போனில் மட்டும். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். இதைக் குறையாகச் சொல்கிறார்கள், நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 40 நிமிடப் பாடவேளையில் ஐந்துக்கு மேல் கேட்டால் பாடம் எப்போது நடத்துவது? விரிவான விடை வாங்க முடியாது என்பதுதான் உண்மையான குறை, ஒரு மதிப்பெண் அதற்காகப் போனது.

மற்றவை

கஹூட் நார்வேயிலிருந்து வந்த வினாடி வினா விளையாட்டு. சத்தமும் நிறமுமாக வகுப்பு அதிரும், பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். ஹைடெக் லேபில் குழுவுக்கு ஒரு கணினி என்று வைத்து விளையாடலாம். தமிழில் இரண்டு தொல்லை. கேள்விக்கு 120 எழுத்து இடம் தருகிறது, ஆனால் அது எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. ஒளிச்சேர்க்கை என்பது நமக்கு ஏழு எழுத்து. புள்ளி, கொம்பு, கொக்கி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 13. நீளமான கேள்வி பாதியிலேயே நின்றுவிடும். இன்னொன்று, விரைவாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை விடை தெரிந்தும் தோற்கும். ஒரு கேள்விக்கு 4 நிமிடம் வரை நேரம் நீட்டலாம், ஒரு நிமிடமாவது கொடுங்கள். கேள்வியை உரக்கப் படித்துவிட்டு விடைகளைத் திறப்பது இன்னும் நல்லது. இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பது அவ்வப்போது மாறுகிறது, முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். 10-க்கு 5.

கூகுள் கிளாஸ்ரூம் 2014-இல் வந்தது. பள்ளியே ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு கொடுத்தால் சிறப்பான கருவி: யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, எதைத் திருத்தினோம் எல்லாம் ஓரிடத்தில். கணக்கு இல்லாத இடத்தில் பிள்ளை அப்பாவின் ஜிமெயிலில் சேரும், வருகைப் பட்டியலில் அப்பாவின் கடைப் பெயர் நிற்கும். அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் இரண்டு வகுப்பில் இருப்பார்கள், அவன் செய்த வீட்டுப்பாடம் அவள் வகுப்பில் வந்து விழும். பள்ளிக் கணக்கு இருந்தால் 8, இல்லாவிட்டால் 4.

பேட்லெட் சுவரில் எல்லாரும் துண்டுச் சீட்டு ஒட்டுவது போல எழுதலாம், எழுதுபவருக்கு லாகின் வேண்டாம். ஆசிரியர் ஏற்ற பின்பே பதிவு தெரியும்படி வைக்கும் வசதியை இயக்காமல் இணைப்பை வெளியே விடாதீர்கள். பெயரில்லாச் சுவர் கிடைத்தால் எட்டாம் வகுப்பு என்ன எழுதும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யூடியூபில் பாடம் ஏற்றுபவர்கள் அன்லிஸ்டட் என்று வைத்தால் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்ப்பார். குழந்தைகளுக்கானது என்று குறித்தால் கருத்துப் பெட்டி மூடிக்கொள்ளும், பெரும்பாலும் அதுவே நல்லது. 40 நிமிடப் பாடத்தை அப்படியே ஏற்றுவதில் பயனில்லை, ஒரு கருத்துக்கு ஆறேழு நிமிடம் போதும். பாடநூலின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து திறக்கும் திக்‌ஷா (அரசின் இணையப் பாடத் தளம்) உள்ளடக்கம் 2018-இல் வந்த புதிய புத்தகங்களிலிருந்தே நமக்கு இருக்கிறது. தரம் பாடத்துக்குப் பாடம் வேறுபடும். வகுப்பில் ஸ்கேன் செய்து சுற்றிக்கொண்டே நிற்பதைவிட, முந்தின நாள் வைஃபை உள்ள இடத்தில் செயலிக்குள் இறக்கிக்கொண்டு போங்கள், நெட் இல்லாமலே ஓடும். கணக்குக்கு வரைபடமும் வடிவமும் போட்டுக் காட்டும் ஜியோஜீப்ராவும், அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) கணினிச் சோதனைகளும் அப்படியே: ஒருமுறை இறக்கினால் லேபில் இணையம் அறுந்தாலும் கவலையில்லை. அவை இரண்டுக்கும் தனி மதிப்பீடே எழுத வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் பிள்ளைகளின் முகத்தோடு ஆண்டு விழாப் படம் போடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே வரையறுத்து, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு ஒப்புதல் வரியும் கையெழுத்தும் வாங்கி வைப்பது பெரிய வேலை இல்லை. சீருடையும் பெயரும் பள்ளிப் பெயரும் ஒரே படத்தில் தெரிந்தால் ஒரு பிள்ளையைத் தேடிப் போக அது போதும். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் பிள்ளைகள் செய்த மாதிரியைப் படமெடுங்கள், கைகள் மட்டும் தெரியட்டும்.

ஏப்ரல் வந்ததும் பெரும்பாலான ஆசிரியர்கள் பழைய வகுப்புக் குரூப்பிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். அதனால் குரூப் சாகாது. கடைசி அட்மின் போனதும் வாட்ஸ்ஆப் உறுப்பினர்களில் ஒருவரைத் தானாக அட்மின் ஆக்கும், உங்கள் பள்ளிப் பெயரோடும் சின்னத்தோடும் குரூப் தொடர்ந்து ஓடும். முதலில் எல்லாரையும் ஒவ்வொருவராக நீக்கி, குரூப்பின் பெயரையும் படத்தையும் மாற்றி, கடைசியாக நீங்கள் வெளியேறுங்கள். 40 பேரை நீக்க ஐந்து நிமிடம் ஆகும். அதே மாலையில் அந்த ஆண்டின் படிவங்கள் விடை ஏற்பதை நிறுத்திவிட்டு, ஷீட்ஸில் பெயரும் போன் எண்ணும் உள்ள நெடுவரிசைகளை அழித்துவிடுங்கள். கேள்விகளும் விடைப் படங்களும் அடுத்த ஆண்டுக்கு வேண்டும், அவை இருக்கட்டும்.